பிள்ளைமடுவச் சுவரில் பனிமலை

இலவசம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதால்
யாரும் உடனே வரவில்லை.
இலவசமாய் வந்த எத்தனையோ
பிறகு சம்பளத்துண்டில் வெட்டாகி நின்றிருக்கின்றன.

பன்னிரண்டாம் நம்பர் மலையில்
கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாள்.
அட்டைக்கடியில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு
நான் போய்ச் சேர்ந்தபோது
ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுவரில் அறைந்துகொண்டிருந்தார்கள்.
மூலையில் தோட்டத்து முத்திரை
நீலமாய், தலைகீழாய்.

கோயிலிலிருந்து இழுத்த வயர்.
தேயிலைப் பெட்டிமேல் இன்னொரு பெட்டி.
அதிலிருந்து வெளிச்சம் பாய்ந்ததும்
முதலில் பிள்ளைகளின் கைகள் ஓடின:
நாய், முயல், கொம்பு வைத்த ஏதோ ஒன்று.
பிறகு பனி.

இவ்வளவு வெள்ளையை நாங்கள் பார்த்ததில்லை.
பங்களாவில் துணி வெளுக்கும் ரெஜினா மட்டும்
"இதென்ன பெருசு" என்ற முகத்தோடு இருந்தாள்.

படம் பேசியது இங்கிலீசில்.
கீழே ஓடியது சிங்கள எழுத்து.
தமிழுக்கு நிரோஷன் தம்பி, கையில் மைக்.
அவர்கள் மூன்று நிமிடம் பேசினார்கள்.
தம்பி சொன்னார்: "சூடு கூடுது."

ஒரு மலை
அப்படியே பிளந்து கடலில் விழுந்தது.
சத்தம் பிந்தி வந்தது.
"ஐயோ, லயம்!" என்று யாரோ எழுந்துவிட்டார்கள்.
அங்கே லயம் இல்லை என்று சொல்ல
தம்பிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாய் அகலப் பனித்துண்டில்
ஒரு வெள்ளைக் கரடி
கால் வைக்க இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது.
எனக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மா கேட்டாள்:
"அதுக்கு மாத்துக்காணி
யாரு குடுக்குறது?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
பள்ளிக்கூடத்து மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி
பதினொரு மாதம் சமைத்தவள் அவள்.
அவள் காம்பரா இருந்த இடத்தில் இப்போது
மானா புல் ஆளுயரம்.

அப்போதுதான் ஈசல் வந்தது.
ஒன்று, நாலு, பிறகு எண்ண முடியாமல்
கரடிமேல், கடல்மேல்,
வரைபடத்தில் ஏறிப்போகும் சிவப்புக் கோட்டின்மேல்.
தம்பி துண்டால் விசிறினார்.
பெண்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தோம்.
இது மாசி.
பீலித் தண்ணீர் நூலாகி
குடத்துக்குக் குடம் சண்டை நடக்கிற மாசி.
ஐப்பசியில் வரவேண்டியது
இப்போது எதற்கு வந்திருக்கிறது?

படம் முடிந்தது. "கேள்வி இருக்கா?"
இருந்தது. கேட்கவில்லை.
ஆளுக்கொரு படிவம் வந்தது:
உங்கள் வீட்டில் வாகனம் எத்தனை,
குளிரூட்டி உண்டா,
தேவையில்லாத விளக்குகளை அணைப்பீர்களா.
மருதவீரன் தன் ஒற்றைப் பல்பை
நெடுநேரம் யோசித்து
"முயற்சிப்பேன்" என்ற கட்டத்தில் சரி போட்டான்.
சீனிச் சம்பல் பணிஸ், பிளேன்டீ, ஒரு குழுப்படம்.

எனக்கும் இதில் ஒரு உத்தியோகம் இருக்கிறது.
சம்பளமில்லை.
லயத்துக் கோடியில் கம்பத்தில் கட்டிய
மழை அளக்கும் போத்தலுக்கு நான்தான் பொறுப்பு.
பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு.
சிவப்பைத் தொட்டால் எல்லோரையும் எழுப்பி ஓடவேண்டும்.
எங்கே என்று
போத்தலில் எழுதவில்லை.

அன்றிரவு தகரத்தில் முதலில் நாலு துளி.
அப்புறம் பேச்சுக் கேட்கவில்லை.
படுக்கவில்லை நான்.
மூன்று தரம் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்.

விடிந்து, பிரட்டுக்கு முன்
மடுவத்துப் பக்கம் வந்தால்
போர்வை இன்னும் சுவரில், சொட்டச் சொட்ட.
வெள்ளை முழுக்க இறக்கைகள் ஒட்டியிருந்தன.
ஆயாம்மா ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு
இதை எப்படி ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுப்பது
என்று என்னையே கேட்டாள்.

நான் போனில் எண்ணைச் சொன்னேன்.
"அறுபத்தெட்டு."
மறுமுனையில் எழுதுகிற பேனா நின்றது.
"எந்த மாசத்துக் கணக்கு அக்கா?"
"நேத்து ராத்திரிக் கணக்கு."
"இல்ல, சும்மா கேட்டன்…
மாசியிலயா?"

மஞ்சளுக்கு இன்னும்
ஒரு விரல் இருந்தது.
கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு
மேற்கே பார்த்தேன்.
கறுப்பாய்த்தான் இருந்தது.